மூன்றரை காட்டிய மீட்டர்: கிருஷ்ணகிரியில் ஒரு கடல்நீர்த் தொட்டியின் பத்து மாதங்கள்

பின்னணி

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் வீட்டு மீன் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலானவை நன்னீர்த் தொட்டிகள். நான் கைவைத்த கடல்நீர்த் தொட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே எழுதுவது அவற்றில் ஒன்றைப் பற்றி. வீட்டாரின் ஒப்புதலோடு, அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

தொட்டியின் சொந்தக்காரர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர். மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அம்மா, அப்பாவோடு கிருஷ்ணகிரி நகரில் சொந்த வீடு. நன்னீர்த் தொட்டி ஏழெட்டு வருடமாக வைத்திருந்தவர், அதனால் மீன் புதிதல்ல, உப்புதான் புதிது. வேலையிலேயே அளவெடுப்பதும் குறித்து வைப்பதும் பழகியவர் என்பதால் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். இந்த ஆய்வை எழுத முடிந்ததே அந்த நோட்டால்தான்.

தொட்டி உருவான விதம் (நவம்பர், டிசம்பர் 2023)

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், உயரம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல். பாறை, மணல் போக உள்ளே நின்ற தண்ணீர் ஏறத்தாழ 180 லிட்டர்.

கடல்நீரைச் சென்னையிலிருந்து கேனில் கொண்டுவரலாம் என்று முதலில் நினைத்திருக்கிறார். 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம். கரையோரத் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்றும் தெரியாது, மாதாமாதம் தண்ணீர் மாற்ற மறுபடி ஓட வேண்டும். அதைக் கைவிட்டு, மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை வாங்கியது சரியான முடிவு. சமையல் உப்பில் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான் இருக்கும். கடல்நீருக்கு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் அதனதன் விகிதத்தில் வேண்டும்.

பாறை விஷயத்திலும் அவர் எடுத்த முடிவு சரி. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து நிஜப் பவளப்பாறைத் துண்டுகள் வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். கடினப் பவளங்கள் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலியைப் பிடித்து வீட்டில் கட்டுவதற்கும் இதற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர் செயற்கைப் பாறை வாங்கினார். நுண்துளைகள் நிறைந்திருந்தால் போதும், மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறிவிடும்.

அப்புறம் தண்ணீர். தெருக்குழாயில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர், வீட்டில் போர் தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டி.டி.எஸ். 1,100-ஐத் தாண்டும். சமையலறையில் இருந்த ஆர்.ஓ. சுத்திகரிப்பானின் தண்ணீரைப் பிடித்து, அதில் உப்பைக் கலந்து ஊற்றினார். அந்தப் பாக்டீரியா வளர்வதற்காக அம்மோனியா துளிகளை விட்டு ஐந்து வாரம் காத்திருந்தார். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, டிசம்பர் கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தன. அவசரப்படவே இல்லை. இந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, பாடப்புத்தகம் போல நடந்தது.

நோட்டில் ஒரு வரி மட்டும் பின்னால் முக்கியமானது. உப்புப் பையின் மேல் லிட்டருக்கு 38 கிராம் என்று போட்டிருந்தது. 180 லிட்டருக்கு 6.8 கிலோ ஆகியிருக்க வேண்டும். அவருக்கு ஐந்தரைக் கிலோவிலேயே, உப்பு பார்க்க வைத்திருந்த மீட்டர் சரியான அளவைக் காட்டிவிட்டது. "உப்பு மிச்சம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தார்.

மீன் நன்றாக இருந்தது, இறால் செத்தது (ஜனவரி முதல் மார்ச் 2024)

ஜனவரியில் பெங்களூரில் உள்ள ஒரு கடையிலிருந்து தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி வந்தது. முதல் நாள் மூலையில் ஒதுங்கி நின்றவை மூன்றாம் நாள் கையிலிருந்து இரை வாங்கின. இந்த ஜோடிக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரியில் ஒரு கிளீனர் இறாலும் நான்கு நத்தைகளும் வந்தன. இறால் இரண்டாம் நாளே செத்தது. நத்தைகள் கண்ணாடியில் ஏறவில்லை. மணலில் கவிழ்ந்தபடியே கிடந்து, இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக நாற ஆரம்பித்தன. பையிலிருந்து தொட்டிக்கு மாற்றியதில் அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைத்த அவர், மார்ச் முதல் வாரம் வாங்கிய இரண்டாவது இறாலைச் சொட்டுக் குழாய் வைத்து இரண்டரை மணி நேரம் பழக்கிய பிறகே விட்டார். அது பதினெட்டு நாள் இருந்தது. தோலுரிக்கும்போது பாதி கழன்ற ஓட்டோடு செத்துக் கிடந்தது.

ஓர் இறால் 1,800 ரூபாய். பணத்தைவிட அப்பாவின் பேச்சுத்தான் அவரை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன். அப்பா ஃபுளோரைடுதான் காரணம் என்று உறுதியாக இருந்தார். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அப்படி நினைப்பதில் தப்பே கிடையாது. பல்லில் கறை, மூட்டில் வலி என்று ஒரு தலைமுறையே அந்தத் தண்ணீரால் பட்டது. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்பது உண்டு. "நம்ம தண்ணி மனுசனுக்கே ஆகாது, அந்தப் பூச்சிக்கு ஆகுமா?" என்று அவர் கேட்டதாகப் பையன் என்னிடம் சொன்னார்.

முதல் வருகை: செம்பின் மேல் சந்தேகம் (மார்ச் கடைசி)

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 10-க்கும் 20-க்கும் நடுவில். பி.எச். 8.1. தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் கே.எச். ஆறரை, கொஞ்சம் குறைவுதான், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். வெப்பம் 28 டிகிரி.

"உப்பு எவ்வளவு இருக்குங்க?" என்று கேட்டேன்.

"மூணரை சதவீதம்ண்ணா. காலையிலதான் பாத்தேன்."

கடல்நீரில் உப்பு மூன்றரை சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு 35. என் நோட்டில் 35 என்று எழுதிக்கொண்டேன். அவர் சொல்லாத எண்ணை நானாக எழுதிக்கொண்டேன் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

ஃபுளோரைடு விஷயத்தை அப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இயற்கையாக உண்டு. குடிநீருக்கு மாற்றுவழி இல்லாதபோது அனுமதிக்கும் உச்சவரம்பான 1.5-க்கு அது பக்கத்தில் வருகிறது. கடல் பிராணிகள் அதிலேயே வாழ்பவை. ஆர்.ஓ. சவ்வு போர் தண்ணீரின் ஃபுளோரைடில் பெரும்பகுதியை நீக்கியும் விடுகிறது. அவர் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

மீன் நன்றாக இருக்கிறது, ஓடுள்ள பிராணி மட்டும் சாகிறது என்றால் என் மனம் முதலில் போகும் இடம் செம்பு. மீன் நோய்க்கு மருந்தாகத் தரும் செம்பின் அளவே இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். அந்த வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது, தண்ணீரில் செம்புச் சத்து சேர்ப்பதாகச் சொல்லி விற்கும் கார்ட்ரிட்ஜ் கடைசியில் மாட்டியிருந்தது. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையை வைத்து விற்கும் வசதி அது. கூடவே ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரை மறுபடி கலந்துவிடும் டி.டி.எஸ். திருகும் இருந்தது. சவ்வு சுத்தம் செய்து கொடுப்பதைக் கடைசியில் இயந்திரமே கெடுக்கிறது. குடிக்க ஒன்றும் ஆகாது, தொட்டிக்கு ஆகும்.

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே நினைத்தேன். சவ்வைத் தாண்டிய உடனே தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து, அதில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்று மாட்டினோம். முன்பு இயந்திரத்தின் குழாயில் 110 இருந்த டி.டி.எஸ். இப்போது சவ்வுக்குப் பின் 52, ரெசினுக்குப் பின் 0 அல்லது 1. செம்பைப் பிடிக்கும் கார்பனைத் தொட்டியின் ஃபில்டரில் போட்டோம், மூன்று வாரத்தில் தண்ணீரைப் பாதிக்கு மேல் மாற்றினோம். செம்புச் சோதனைக் கிட்டும் வாங்கினோம். அது முதல் நாளிலிருந்தே செம்பு இல்லை என்றுதான் காட்டியது. கிட் பிடிக்காத அளவுக்கும் கீழே இருக்கலாம் என்று சமாதானம் சொன்னேன். சோதனை என் யூகத்துக்கு எதிராக வந்தபோது யூகத்தை விடாமல் சோதனையைக் குறை சொன்னேன்.

மூன்றாவது இறால் (ஏப்ரல்)

ஏப்ரல் மூன்றாம் வாரம் இன்னோர் இறால் வந்தது. நான்கு மணி நேரம் சொட்டுக் குழாயில் பழக்கினோம். ஆறு நாள் இருந்தது.

இந்த முறை நானே நேரில் இருந்தேன். செத்த இறாலை எடுத்துப் போட்ட கையோடு அவர் வழக்கம்போல மீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "மூணரை, சரியா இருக்குண்ணா" என்று என்னிடம் நீட்டினார். அதுவரை அந்த மீட்டரை நான் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. கண்ணை வைத்தால் உள்ளே அளவுகோல் பூஜ்யத்திலிருந்து 32 வரை போகிறது. உப்பு மீட்டரில் 100 வரை எண் இருக்கும், பக்கத்திலேயே 1.070 வரை அடர்த்தியும் இருக்கும்.

"இது எங்க வாங்கினது?"

"ஃபேக்டரி பழசுண்ணா. லேப்ல புதுசு வந்ததும் இத நான் எடுத்துக்கிட்டேன்."

மேலே சின்ன எழுத்தில் பிரிக்ஸ் என்று இருந்தது. மாங்கூழில் சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் அது. பெங்களூரா கூழ் 14-க்கு மேல், அல்போன்சா 16-க்கு மேல் என்று சீசன் முழுக்க அவர் பார்ப்பது இதே அளவுகோலைத்தான். அதைச் "சதவீதம்" என்றே சொல்லிப் பழகியதால் கடல்நீரின் மூன்றரை சதவீதத்தையும் அதிலேயே பார்த்துவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாலை

மீட்டர் பழுதில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டியது. இந்தக் கருவி உப்பையோ சர்க்கரையையோ நேரடியாகப் பார்ப்பதில்லை. தண்ணீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை மட்டும் பார்த்து, அந்த வளைவு சர்க்கரையால் வந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று எண் காட்டுகிறது. ஒரு கிராம் உப்பு வளைக்கும் அளவும் ஒரு கிராம் சர்க்கரை வளைக்கும் அளவும் ஒன்றல்ல. உப்பு அதிகம் வளைக்கும்.

சரி, உண்மையில் எவ்வளவு? அவர் வேலை செய்யும் இடத்திலேயே துல்லியமான தராசும் ஆய்வுக்கூடத் தரச் சோடியம் குளோரைடும் வடிநீரும் இருந்தன. மேலாளரிடம் சொல்லிவிட்டு ஒரு மாலை உட்கார்ந்தோம். 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் வடிநீரில் கரைத்தால், ஒளியை வளைப்பதில் அது ஆயிரத்துக்கு 35 உப்புள்ள கடல்நீருக்குச் சமம். இந்தக் கலவை கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் மீட்டரைச் சரிபார்க்கப் பயன்படுத்துவது. அவருடைய மீட்டரில் அதை விட்டதும் 4.4 காட்டியது. தொட்டித் தண்ணீர் 3.5.

கணக்குப் போட்டால் தொட்டியில் இருந்தது ஆயிரத்துக்கு 28-க்குக் கொஞ்சம் கீழ். நம்பிக்கை வராமல் இன்னொரு வழியிலும் பார்த்தோம். அரை லிட்டர் குடுவையை வடிநீரால் கோடு வரை நிரப்பி எடை, பிறகு அதே கோடு வரை தொட்டித் தண்ணீரால் நிரப்பி எடை. வடிநீர் 500 கிராம் என்றால் கடல்நீர் 513 இருக்க வேண்டும். இது 510-ஐ ஒட்டி நின்றது. மிச்சமான ஒன்றேகால் கிலோ உப்பும், நான் விட்டுவிட்ட குறைந்த கே.எச். அளவும் அப்போதுதான் கணக்கில் உட்கார்ந்தன.

மீன் ஏன் பிழைத்தது என்பதும் இதில் விளங்கும். கடல் மீனின் ரத்தத்தில் உப்பு கடலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கடல்நீரைக் குடித்து, அதிகப்படி உப்பைச் செவுள் வழியே வெளியேற்றிக்கொண்டே இருப்பது அதற்கு ஓயாத வேலை. உப்புக் குறைந்தால் வேலையும் குறைகிறது. நோய் தீர்க்க மீனை இதைவிடக் குறைந்த உப்பில் வாரக்கணக்கில் வைப்பதே ஒரு சிகிச்சை முறை. நத்தை, பவளம் போன்றவற்றின் உடல்நீர் சுற்றியுள்ள தண்ணீரோடு சமமாகவே ஓடுகிறது. தண்ணீரில் உப்புக் குறைந்தால் உள்ளே தண்ணீர் ஏறி வீங்குகின்றன. இறால் ஓரளவு சமாளிக்கும். ஆனால் 35-ல் இருந்ததை ஒரே பகலில் 28-க்கு இறக்கினால், அதன் மேல் தோலுரிப்பும் வந்தால், தாங்காது.

உப்பை ஏற்றியது (மே)

மீன் இறக்கத்தைத் தாங்கும் வேகத்தில் ஏற்றத்தைத் தாங்காது. அதனால் ஒரே நாளில் உப்பைக் கொட்டும் யோசனையே எழவில்லை. கோடை அதற்கு ஒரு நல்ல வழியைக் கொடுத்தது. ஏப்ரலில் தொட்டி வெப்பம் 31-ஐத் தாண்டியதால் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்திருந்தோம். வெப்பம் இரண்டு டிகிரி இறங்கியது, ஆனால் தினமும் மூன்று லிட்டர் ஆவியாகிப் போனது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வழக்கமாக அந்த மூன்று லிட்டரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். அதற்குப் பதிலாக 35 உப்புள்ள தண்ணீரை ஊற்றினால் நாளொன்றுக்கு 105 கிராம் உப்பு சேரும். வேண்டியது லிட்டருக்கு 7 கிராம் வீதம் 180 லிட்டருக்கு 1,260 கிராம். பன்னிரண்டு நாள்.

கடல்நீருக்கான மீட்டர் ஒன்று வாங்கி, நாங்கள் தயாரித்த கலவையில் 35-ஐச் சரிபார்த்துக்கொண்டு ஆரம்பித்தோம். பன்னிரண்டாம் நாள் 35-க்கு அரைக்கோடு கீழே நின்றது. மீன்கள் ஒரு வேளை இரையையும் விடவில்லை. பழைய மீட்டர் மே முதல் வாரமே, சீசன் தொடங்குவதற்குள், ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

சீசன் தொடங்கினால் அவர் வீடு திரும்ப இரவு பத்து, பதினொன்று ஆகும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அம்மாவிடம் போனது. பதின்மூன்றாம் நாள் போனில் சொல்லியிருக்கிறார்: "அம்மா, இனிமே உப்புத் தண்ணி ஊத்தாத. நல்ல தண்ணி ஊத்து."

எங்கள் ஊர்ப் பேச்சில் உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணீர். நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர், அதாவது குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். "போர் தண்ணிய நான் எப்ப ஊத்தினேன்?" என்று அம்மாவுக்குக் குழப்பம். ஆனாலும் பையன் சொன்னபடி டிரம்மில் பிடித்து வைத்திருந்த ஒகேனக்கல் தண்ணீரை ஒன்பது நாள் ஊற்றினார். ஆர்.ஓ. கேனில் அளவு குறையவே இல்லை என்று பையன் கவனித்ததால்தான் தெரிந்தது.

பெரிய சேதம் இல்லை. டிரம்மில் ஒரு நாளாவது திறந்தபடி நின்ற தண்ணீர் என்பதால் குளோரின் பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் அடுத்த வாரம் பாறையில் பச்சைப் பாசி முடி போலப் படர்ந்து, அதை உரித்தெடுக்க ஒரு மாதம் ஆனது. அம்மாவின் மேல் குற்றமே இல்லை. பையன் சொன்னதைத்தான் அவர் செய்தார். இப்போது நீலக் கேன், வெள்ளைக் கேன் என்று நிறத்தைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். உப்பு என்ற சொல்லே அந்த வீட்டில் தொட்டிப் பேச்சில் வருவதில்லை.

விளைவு (ஜூன் முதல் ஆகஸ்ட் 2024)

ஜூன் நடுவில் இரண்டு நத்தைகளை மட்டும் விட்டுப் பார்த்தோம். அன்றிரவே கண்ணாடியில் ஏறின. இரண்டு வாரம் கழித்து நான்காவது இறால். மூன்றாம் வாரம் காலை ஆறரைக்கு அப்பாவிடமிருந்து எனக்குப் போன்: "இதும் போச்சு தம்பி. காலெல்லாம் மேல தூக்கிட்டுக் கெடக்குது." போட்டோ அனுப்பச் சொன்னேன். கண்ணாடி போல வெறும் ஓடு. பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "உள்ள இருக்குது, மீசை ஆடுது" என்றார். ஆகஸ்ட் கடைசிவரை இன்னும் இரண்டு முறை தோலுரித்தது. ஃபுளோரைடு பேச்சு அதோடு நின்றது.

இடையில் ஒரு கோடை மழை இரவில் நான்கு மணி நேரம் கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் தொட்டி மோட்டாரையும் சேர்த்தது அதற்குப் பிறகுதான்.

மறுபடி செய்தால்

உப்பு எவ்வளவு என்று கேட்டு நிறுத்தாமல், எதைக் கொண்டு அளந்தீர்கள், அதை எதில் சரிபார்த்தீர்கள் என்று கேட்பேன். என் மீட்டரையும் கையோடு கொண்டுபோவேன். இப்போது பையில் நிரந்தரமாக இருக்கிறது, 35 கலவை ஒரு சின்ன பாட்டிலில் கூடவே. உப்புப் பையின் கணக்கும் மீட்டரின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்பேன். மூன்றாவது இறாலை வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். முதலில் நத்தையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும், விலையும் குறைவு, பதிலும் சீக்கிரம் தெரியும்.

செம்பு மட்டும் இன்னும் தீராத கணக்கு. உப்பைச் சரிசெய்தபோது செம்புக் கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே வழியிலிருந்து விலகியிருந்தது. முதல் இரண்டு இறால்களின் சாவில் அதற்குப் பங்கு உண்டா என்று இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றிவிட்ட பிறகு சொல்ல முடியாது. பழைய தண்ணீரைத் தனியாக ஒரு வாளியில் வைத்து இறாலை விட்டுப் பார்க்கலாமா என்று அவர் ஒருமுறை கேட்டார். தராசுக்காரர், விடை தெரியாமல் விட மனம் வராது. வேண்டாம் என்றேன். கார்ட்ரிட்ஜ் இப்போது மாடிப்படிக்குக் கீழே, மிச்சமான உப்புப் பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.